வல்லைவெளியில் ஒரு நிழற்படம்

ஒரே பொருளுக்கு இரு மொழியார் இட்ட பெயர்கள் ஒன்றற்கொன்று எதிராய் நிற்பதும் உண்டு. ஐரோப்பியர் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து, ஒளியால் எழுதுதல் என்னும் பொருள்பட ஒரு பெயர் அமைத்தனர். நாம் அதனையே நிழற்படம் என்றோம். சொல்லாராய்ச்சி பற்றிய பாடம் வரும்போது இதனை ஒரு வேடிக்கையாக மாணவர்க்கு எடுத்துக் காட்டுவது என் வழக்கம். ஒளியின்றி நிழலில்லை, ஆகவே இரு பெயருக்கும் கருத்து ஒன்றே என்று கூறி அப்பால் நகர்ந்துவிடுவேன். அவ்வாறு விரைந்து நகர்ந்தது பிழை என்பதை என்னிடம் படித்த மாணவன் ஒருவனே சென்ற ஆவணி மாதத்து மாலையொன்றில் எனக்கு உணர்த்தினான்.

என் ஆசிரியர் எண்பத்தாறு வயதினர். இலக்கணமும் உரைநூல்களும் அவரிடமே பாடங்கேட்டேன். ஐம்பது கடந்த என்னை இன்றும் ‘தம்பி’ என்றே அழைப்பார். நான் எழுதுங் கட்டுரையிற் சந்திப்பிழை கண்டால் அடுத்த முறை காணும்போது அதனைச் சொல்லாது விடார். அவர் பல காலத்தும் எழுதியவற்றைத் திரட்டி ஒரு நூலாக்க எம்மிற் சிலர் முனைந்தோம். கட்டுரைகள் ஒருவாறு கிடைத்தன. அவர் படந்தான் கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில், வலிகாம மக்கள் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அவரும் ஒரு பையும் ஒரு குடையுமாகப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபொழுது கதவுகள் இல்லை. நூல்கள் அடுக்கியிருந்த அலுமாரிகள் இல்லை. விறாந்தைச் சுவரிலே படங்கள் தொங்கிய ஆணிகள் மட்டும் இருந்தன. தம் ஆசிரியரின் படம், தம் மணக்கோலப் படம், மறைந்த மனைவியாரின் படம் யாவும் அவ்வாணிகளிலிருந்து போயின. எஞ்சியது தேசிய அடையாள அட்டையிலுள்ள படம் ஒன்றே. அதனை நூன்முகப்பில் இட ஒருவருக்கும் மனமில்லை. புதிதாக ஒரு படம் எடுப்போம் என்றாலோ அவர் இணங்கவில்லை. “இருந்த படங்கள் போனது காணும்” என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

மேற்சொன்ன மாணவன் படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவன். திருமண வீடுகளிற் சம்பாதித்து, அச்சம்பாத்தியத்தைத் தன் விருப்பமான படங்களிற் செலவிடுபவன். அவன் ஓர் உபாயஞ் செய்தான். ஆசிரியர் இளமையில் அச்சுவேலிப் பக்கமிருந்து வல்லைவெளியைச் சைக்கிளிற் கடந்து வடமராட்சிக்குப் படிப்பிக்கச் சென்றவர். மாலையிலே சோளகத்தை எதிர்த்து உழக்கித் திரும்பிய கதையை எங்களுக்குப் பன்முறை சொன்னவர். “ஐயா, வல்லைவெளிக்கு ஒருமுறை போய் வருவமோ?” என்று அவன் கேட்டான். “படத்துக்கெண்டால் வரன். வெளியைப் பார்க்க வாறன்” என்றார். கமரா வருமென்பது அவருக்கும் தெரியும்.

இவ்விடத்திற் சற்று விலகிச் செல்ல வாசகர் இடந்தருவாராக. முகத்தின் ஒரு பாகத்தை ஒளியிலும் மறுபாகத்தை நிழலிலும் விட்டு, அம்முகத்துக்குரியவரின் உள்ளநிலையைப் புலப்படுத்தும் படக்கலையின் பெருமக்களுள் ஒருவரைக் காண இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. பொகவந்தலாவைக்குப் போனாற் போதும். அங்கே சென். மேரிஸ் தேவாலய வளவில் யூலியா மார்கிரெற் கமரன் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார். (கமராவும் கமரனும் ஒலியால் ஒத்தது தற்செயலே.) 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக்கொண்டு இக்கலையைத் தொடங்கினார். வைற் தீவிலிருந்த தம் இல்லத்துக் கோழிக்கூடு ஒளிக்கூடமாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மிக மந்தமாகவே ஏற்பவை. ஆதலின் அவர்முன் அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. மற்றையோர் எல்லாப் பக்கத்திருந்தும் ஒளியைக் கொட்டி அந்நேரத்தைக் குறைக்க முயன்றனர். இவரோ பெரும்பாலும் ஒரு பக்கத்து ஒளியையே வரவிட்டு, எஞ்சிய பகுதியை இருளுக்குக் கொடுத்தார். வானநூலறிஞர் ஜோன் ஹேர்ஷலை 1867ஆம் ஆண்டு எடுத்த படத்தில் முதியவரின் நரைமயிரும் நெற்றியும் கண்களுமே இருளிலிருந்து எழுந்து நிற்கின்றன. அம்மயிரைக் கழுவுவித்துக் கலைத்துவிட்டாரென்றும் கூறுவர். படங்கள் தெளிவற்று மங்கின என்று அன்றைய தொழிலறிஞர் குறை கூறினர், அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன், நம் பாடநூல்களிலே கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என வரும் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குரியவர். மலைநாட்டிலே தோட்டங்கள் இருந்தமையால் 1875ஆம் ஆண்டு இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1877ஆம் ஆண்டிலே தாவரங்களை ஓவியந் தீட்டும் மரியான் நோர்த் என்னும் அம்மையார் களுத்துறையில் இவர்களிடம் விருந்தினராக வந்தார். கமரன் அவரைக் கம்பளித் துகில் போர்த்தி, கூந்தலை விரித்து, தென்னோலைகளுக்கு முன்னே நிறுத்தினாராம். நேரமோ நண்பகல், வெப்பமானி 96 பாகை பரனைற்றுக் காட்டியது, ஓலையிடுக்குகளின் வழியே வெயில் கண்ணிற் குத்தியது. அந்நிலையில் ‘இயல்பாக இருங்கள்’ என்று கட்டளை வேறு! நோர்த் அம்மையார் தம் நினைவுக்குறிப்பிலே இதனைச் சிரிப்போடு எழுதிவைத்திருக்கிறார். வைற் தீவின் மென்மையான ஒளியிற் பழகிய கைக்கு நம் நாட்டு நண்பகல் எளிதில் வசப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். இங்கு அவர் எடுத்த படங்களுட் பல, பெயர் குறிக்கப்படாத உள்ளூர் மக்களுடையன. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. 1879ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் மறைந்தார். நம் ஆறுமுக நாவலர் மறைந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேயே.

நண்பகலின் குறை யாது? சூரியன் உச்சியில் நிற்க, புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். அந்தியில் அக்குறை இல்லை. ஆனால் முகத்தைக் காட்டப் போதிய ஒளியும் இல்லை. வானம் அழகாயிருக்கும், முன்னே நிற்பவர் கரிய உருவமாய் நிற்பார். முகத்தைக் காட்டக் கமராவைத் திறந்துவிட்டால் வானம் வெளுத்துப் பாழாகும். இச்சிக்கலை அவிழ்ப்பதற்கே, கமராவின் தலையில் அன்றி அதனைவிட்டு விலகிய ஓரிடத்தில் நிறுத்தப்படும் விளக்கு வேண்டியதாகிறது.

நாங்கள் வல்லைவெளியை அடைந்தபோது சூரியன் மறைய அரைமணி நேரம் இருந்தது. ஆவணியாதலின் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. தொலைவிலே சில பனைகள். அவற்றுள் இரண்டு தலையிழந்தவை. மாணவன் ஒரு கதிரையை மேற்குக்கு முதுகு காட்டி வைத்து ஆசிரியரை இருத்தினான். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “குறிஞ்சியும் முல்லையும் வளங்கெட்டால் பாலையாகும் எண்டு இளங்கோவடிகள் சொன்னார். நெய்தல் வளங்கெட்டால் என்னவாகும் எண்டு பார்க்க அவர் வல்லைவெளிக்கு வரேல்லை” என்றார். அவர் உற்சாகமாயிருக்கிறார் என்பது எமக்கு விளங்கிற்று.

முதலிலே மாணவன் விளக்கைக் கமராவின் தலையிலேயே வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினான். ஒப்புநோக்குதற்காக என்றான். பார்த்தேன், அடையாள அட்டைப் படமே மீண்டும் வந்திருந்தது. நேர் எதிரே நின்று பாயும் ஒளி முகத்தின் மேடுபள்ளங்களை நிரவிவிடுகிறது. சுருக்கங்களுக்கு நிழலில்லை; நிழலில்லாதபோது அவற்றுக்கு வயதும் இல்லை. அதன்பின் அவன் விளக்கைக் கழற்றி ஒரு நீண்ட முக்காலியில் ஏற்றி, ஆசிரியரின் வலப்புறத்தே, அவர் கண்மட்டத்துக்குச் சற்று மேலாகச் சாய்வாக நிறுத்தினான். கமராவுக்கும் விளக்குக்கும் இடையே கம்பியில்லை. வானொலி அலையே தூது செல்கிறது. அவ்வாறு பக்கத்திலும் உயரத்திலும் நின்று ஒளி வீழும்போது, நிழலில் இருக்கும் மறுகன்னத்தில், கண்ணின் கீழே ஒரு சிறு முக்கோண ஒளி தங்கும். ஒல்லாந்து ஓவியர் றெம்பிறாண்டின் பெயரால் இதனை வழங்குவர். அவர் படங்களில் இவ்வொளி மிகுதியும் காணப்படுதலே காரணம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய 1658ஆம் ஆண்டிலே றெம்பிறாண்டு ஆம்ஸ்டர்டாமில் உயிரோடிருந்து ஓவியந் தீட்டிக்கொண்டிருந்தார். அந்நாட்டவர் நமக்குக் கொண்டுவந்த பொருள்களுள் இது மட்டும் முந்நூற்றறுபது ஆண்டுக்கு மேற் பிந்தி வந்திருக்கிறது.

விளக்கின் முன்னே ஒரு வெள்ளைக் குடை வேண்டும். சிறிய விளக்கின் ஒளி கூரியது. அதன் நிழல் கத்தியால் வெட்டியது போலிருக்கும். அவ்வொளியை அகன்ற வெண்துணியின் ஊடே விட்டால் துணி முழுவதுமே விளக்காகி, நிழலின் ஓரம் கரைந்து மெலியும். ஆனால் சோளகத்துக்கு இவ்விதியெல்லாம் தெரியாது. விரித்த குடையைப் பறித்தெடுத்து வெடித்த சேற்றிலே உருட்டிச் சென்றது. கம்பிகள் மூன்று முறிந்தன. மாணவன் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பார்த்தான். என் சால்வையைக் கழற்றி, இரு கைகளாலும் விரித்துப் பிடித்தவாறு விளக்கின் முன்னே நின்றேன். இத்தனை ஆண்டு மேடைகளிலே சுமந்த சால்வை அன்றுதான் ஒரு தொழில் செய்தது.

இனி அவன் செய்தவற்றை அவன் விளக்கியவாறே சொல்லுகிறேன். கமராவுக்கு இரண்டு திறவுகோல்கள் உள: ஒன்று, கதவு திறந்திருக்கும் நேரம், மற்றது, வில்லையின் துவாரத்தினளவு. பிளாஷ் விளக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதனிலுங் குறைவாகவோதான் ஒளிர்ந்து அணைகிறது. ஆகவே கதவு அறுபதில் ஒரு செக்கன் திறந்திருந்தாலென்ன, முப்பதில் ஒரு செக்கன் திறந்திருந்தாலென்ன, விளக்கு முகத்துக்குத் தரும் ஒளி மாறாது. வானமோ கதவு திறந்துள்ள நேரமெல்லாம் தன் ஒளியை ஊற்றிக்கொண்டே இருக்கும். எனவே நேரத்தைக் குறைத்தால் வானம் மட்டும் இருளும். துவாரத்தைக் குறைத்தாலோ இரண்டுங் குறையும். முதலில் வானத்தை மட்டும் நோக்கி, கண்ணுக்குத் தோன்றுவதிலும் சற்று இருளச் செய்து நேரத்தை நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அதன்பின்னரே விளக்கின் வலிமையை ஏற்றியிறக்கி முகத்தை அமைத்தல் வேண்டும். ஒழுங்கு மாறினாற் படம் கெடும். தளையையும் சீரையும் ஒருங்கே திருத்த முயன்று செய்யுளைப் பாழாக்கும் மாணவரை எனக்குத் தெரியுமாதலால் இது எளிதில் விளங்கிற்று.

அவ்வொளி பின்னேயுள்ள பனைகளையும் வெளிச்சமாக்காதோ என்று கேட்டேன். ஆக்காது என்றான். ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும்: ஒரு மீற்றரில் உள்ளதன் காற்பங்கே இரண்டு மீற்றரிலும், ஒன்பதிலொரு பங்கே மூன்று மீற்றரிலும் இருக்கும். விளக்கு முகத்துக்கு ஒரு மீற்றர் தூரத்தில். பனைகளோ முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால். ஆகவே முகம் விளக்குக்கும், பனை அந்திக்கும் உரியனவாய் நிற்கும். விளக்கின் வலிமையைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தான். அதற்குமுன் எடுத்த ஒன்றில் ஆசிரியர் காவலாளியின் ரோச் வெளிச்சத்தில் அகப்பட்டவர்போற் காணப்பட்டார். ‘விளக்கு எரிந்தது எண்டு பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது ஐயா’ என்றான். ஆரஞ்சு நிறத் தாளொன்றை விளக்கின்மேல் ஒட்டி, கமராவை மின்குமிழின் மஞ்சள் ஒளிக்கேற்றவாறு மாற்றினான். அதனால் முகம் இயல்பான நிறத்தோடு நிற்க, வானமும் சேற்று நிலமும் நீலம் ஏறிக் கனத்தன. கண்ணுக்குத் தெரியாத நீலம் அது. பொய்யன்றோ என்றேன். நீங்கள் படிப்பிக்கும் உவமைகள் எல்லாம் மெய்யோ என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்லியிருக்க மாட்டேன்.

சூரியன் மறைந்தது. வட தேசத்தாருக்கு வாய்க்கும் நீண்ட அந்தி நமக்கில்லை. இருபது நிமிடம் கழிந்தால் இருள் வந்துவிடும். வானம் ஆயத்தம், விளக்கு ஆயத்தம், சால்வை பிடித்த என் கைகள் மட்டும் நோவெடுத்தன. ஆசிரியரோ படத்துக்கு இருப்பவர்போல நிமிர்ந்து, வாயை இறுக்கி அமர்ந்திருந்தார். “தம்பி, நிலமும் பொழுதும் முதற்பொருள், அது கிடைச்சிட்டுது. பனையும் உப்பும் கருப்பொருள், அதுவும் கிடக்கு. உரிப்பொருளுக்கு என்ன செய்யப் போறாய்?” என்று அவனைக் கேட்டார். வினையாட்டாகக் கேட்டாரேனும் அதுவே கேள்வி. பிற எல்லாவற்றையும் இயந்திரத்தாற் சமைக்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலையே வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது உடம்பிலே தானாகப் புலப்படுவதே மெய்ப்பாடு. வாவென்றால் அது வருமோ?

மாணவன் சற்று நேரம் கமராவின் பின்னே மறைந்திருந்தான். பின்னர் மெல்லக் கேட்டான்: “ஐயா, அந்த அலுமாரியிலை இருந்த புத்தகங்களிலை எது முதல் ஞாபகம் வருகுது?”

ஆசிரியர் விடை சொல்லவில்லை. சால்வையின் ஓரத்தால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயின் இறுக்கம் விட்டுப்போயிற்று. கண்கள் எங்களைக் கடந்து எங்கோ நின்றன. விளக்கு ஒருமுறை வெட்டியது. எனக்கு மாணவன்மேற் கோபம் வந்தது. சால்வையைக் கீழே விட எண்ணினேன். அதற்குள் ஆசிரியர் பேசத் தொடங்கினார். தம் ஆசிரியர் கையால் ஓரக்குறிப்பு எழுதிய சேனாவரையப் பிரதி ஒன்று இருந்ததாம். ஓரிடத்தில் அக்குறிப்பு பிழையென்று கண்டு, இளமைத் துணிவால் அதன் கீழே மறுப்பு எழுதினாராம். பத்தாண்டு கழித்துப் பார்க்கத் தம் மறுப்பே பிழையாயிருந்ததாம். அதனை அடித்துவிட நாணி, அடியில் ‘ஐயா சொன்னதே சரி’ என்று மூன்றாவதாக ஒரு குறிப்பு எழுதிவைத்தாராம். இதனைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு அன்று, கண்ணின் ஓரத்திலே மட்டும். விளக்கு மறுபடியும் வெட்டியது. அதன்பின் இருண்டுவிட்டது.

கமராவின் சிறு திரையில் இரண்டு படங்களையும் அங்கேயே பார்த்தோம். இரண்டாவது நல்ல படம். முதலாவது வேறொன்று. நீலக்கருமையான வெளி, தலையிழந்த இரு பனை, அவற்றினின்றும் பிரித்தெடுத்தாற்போல ஒரு முகம். மறுகன்னத்து முக்கோணத்திலே ஈரம் இருந்ததோ விளக்கின் மினுக்கமோ, ஏதோ ஒன்று பளபளத்தது. இதைப்போல ஒரு முகத்தை நான் எந்தப் படத்திலுங் கண்டதில்லை. மாணவன் கை நடுங்கிற்று. எந்தக் கண்காட்சியில் வைத்தாலும் அது நிற்குமென அவனுக்குத் தெரியும்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “வடிவாய் எடுத்திருக்கிறாய்” என்றார். பின்னர், “இதை அழி” என்றார். அவன் என்னைப் பார்த்தான். “இந்த முகத்தை நான் ஒருத்தருக்கும் காட்டினதில்லை, என்ரை பிள்ளைக்கும். அது உன்ரை விளக்குக்கு அகப்பட்டிட்டுது. அழி தம்பி.” அவன் பொத்தானை அழுத்தினான். திரை ஒருகணம் கறுத்து, அடுத்த படத்தைக் காட்டிற்று.

கலைநோக்கில் அழிந்த படமே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன் அழித்தது சரி என்பதிலும் ஐயமில்லை. அக்கேள்வியை அவன் கேட்டிருக்கலாமோ என்பதிலேதான் இன்னும் ஐயம். கேளாதிருந்தால் இரண்டாவது படமும் கிடைத்திராது. திரும்பும் வழியில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறக்கிவிட்டபோது ஆசிரியர், முறிந்த குடைக்கு விலை என்னவென்று அவனைக் கேட்டார்.

எஞ்சிய படத்துக்கும் தொல்லை இல்லாமற் போகவில்லை. முகத்திற் பாதி இருட்டாய்க் கிடப்பது வீட்டுக்கு ஆகாது என்றார் ஆசிரியரின் மகள். சற்று வெளிச்சமாக்கித் தரட்டுமா என்று அச்சகத்தார் கேட்டனர். ஆசிரியரோ, “என்ரை முகத்திலை பாதியைத்தான் எனக்கே தெரியும், இருக்கட்டும்” என்றார். நூல் அப்படத்தோடே வெளிவந்தது.

பெரிதாக்கிச் சட்டமிட்ட பிரதியொன்றை மாணவன் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தான். விறாந்தைச் சுவரின் பழைய ஆணிகளுள் ஒன்று இன்னும் உறுதியாயிருந்தது, அதிலேயே மாட்டினோம். மாலையானதும் எதிர்ச் சாளரத்தின் ஒளி கண்ணாடியிலே பட்டு, முகம் மறைந்து, முற்றத்து மாமரமே படத்தில் தெரிந்தது. ஆசிரியர் கதிரையில் இருந்தபடியே கையால் இடங்காட்டினார். நான் சுத்தியலை எடுத்துவந்து ஒரு முழம் தள்ளிப் புதிதாக ஓர் ஆணி அறைந்தேன்.